‘சத்தம் பத்தலை’: புதுச்சேரி ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றில் புராடக்ட் மேனேஜரின் வேலை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் ஒரு சிறிய ஒலிக்கருவி நிறுவனத்தில் நடந்தது இது. ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், பள்ளிக்கூடச் சுவரில் மாட்டும் நெட்டைப் பெட்டி ஆகியவைதான் அங்கே தயாரிப்பு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், விழுப்புரம் பக்கத்து மைக்செட்காரர்கள். அவர்கள் வழியாகக் கருவி கோயிலுக்கும் பள்ளிக்கும் மீனவ ஊர்களுக்கும் போகும். 2023 ஜனவரியில் அங்கே புராடக்ட் மேனேஜராகச் சேர்ந்தேன். அதற்கு முன் அப்படி ஒரு பதவி அங்கு இல்லை. என்ன மாடல், எத்தனை வாட், என்ன விலை என்பதை முதலாளி முடிவு செய்வார். எஞ்சினியர் வரைவார், பட்டறை செய்யும், விற்பனையாளர் விற்பார்.

முதல் மாதம் முழுக்க “புரொடக்‌ஷன் மேனேஜரா?” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இரண்டும் வேறு வேலை. உற்பத்தி மேலாளர், முடிவாகிவிட்ட கருவியைக் குறித்த நாளில் குறித்த எண்ணிக்கையில் செய்து கொடுப்பவர். புராடக்ட் மேனேஜரின் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது: எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, எதை விட்டுவிடுவது, எந்தக் கட்டத்தில் ‘சரி, இனி விற்கலாம்’ என்று சொல்வது. அவர் சர்க்யூட் வரைவதில்லை, பெட்டி அறுப்பதில்லை. ஆனால் அந்த வேலைகளைச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்களா என்று பார்க்க வேண்டியவர் அவர்தான்.

ஒலிக்கருவியில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வாங்குகிறவர் ஒருவர், மைக்கில் பேசுகிறவர் இன்னொருவர், கேட்கிறவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் கடைப் பக்கம் வருவதே கிடையாது. அவருக்கு என்ன கேட்டது என்பதை மைக்செட்காரர் தன் வார்த்தையில் சொல்வார், விற்பனையாளர் அதைத் தன் வார்த்தையில் அலுவலகத்துக்குக் கொண்டுவருவார்.

இந்தக் கடற்கரையில் ஒலிபெருக்கி வெறும் திருவிழாச் சாமான் அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய செய்தியை ஒலிபெருக்கியில்தான் மீனவர்களுக்கு வாசித்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு என்ற மீனவ ஊரில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, அது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டு மக்கள் வெளியேறி உயிர் தப்பினார்கள். நான் சேர்ந்த வாரத்தில் சர்வீஸ் பெஞ்சில் வேலை பார்க்கும் அக்கா இதைத்தான் முதலில் சொன்னார். “நாம ரிப்பேர் பண்றது பாட்டுப் பெட்டி இல்ல தம்பி” என்றார். இந்த வேலையைப் பற்றிய என் எண்ணம் அன்றைக்கே மாறியது.

வந்த கோரிக்கை

அப்போது அதிகம் விற்றது 120 வாட் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய்களும் சேர்ந்த ஒரு செட். வீட்டு மின்சாரத்திலும் ஓடும், 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். மீனவ ஊர்களில் இதைத்தான் வாங்கினார்கள். கடலோர ஊர்களில் இருந்து ஒரு புகார் திரும்பத் திரும்ப வந்தது: “சத்தம் பத்தலை.”

விற்பனையாளர் கேட்டது 250 வாட். எஞ்சினியர் அதற்கான படத்தை ஏற்கெனவே பாதி வரைந்து வைத்திருந்தார். சந்தையில் போட்டியாளர்களின் பெட்டிமேல் பி.எம்.பி.ஓ. கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் அச்சடித்திருப்பார்கள். ஒரு கண நேர உச்சத்தைப் பெருக்கி எழுதும் எண் அது, தொடர்ந்து கிடைக்கும் திறனோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் கடையில் நிற்கிறவர் கண்ணில் படுவது அந்த எண்தான் என்பது விற்பனையாளரின் வாதம். அதில் நியாயம் இருந்தது. முதலாளி என்னிடம் சொன்னது, “மாசி மகத்துக்குள்ள புது மாடல் கடைக்குப் போகணும்.” அதாவது 2024 பிப்ரவரிக்குள்.

சர்வீஸ் ரெஜிஸ்டர்

உடனே சரி என்று சொல்லாமல் இரண்டு வாரம் கேட்டு வாங்கினேன். அந்த இரண்டு வாரமும் சர்வீஸ் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துப் புகார்ச் சீட்டுகளை ஊர் வாரியாகப் பிரித்தேன். ‘சத்தம் பத்தலை’ என்று எழுதிய சீட்டுகளில் பெரும்பகுதி கடற்கரையில் இருந்து நடந்து போகும் தூரத்து ஊர்களுடையவை. பண்ருட்டிப் பக்கம் அதே கருவிக்கு அந்தப் புகார் அபூர்வம்.

இன்னொன்றும் தெரிந்தது. செட் சர்வீஸுக்கு வரும், குழாயின் பின்னால் ஒலி எழுப்பும் யூனிட்டை மாற்றுவார்கள், “ஹலோ மைக் டெஸ்டிங்” என்று பேசிப் பார்ப்பார்கள், நன்றாக இருக்கும், அனுப்பிவிடுவார்கள். நாலு மாதத்தில் அதே செட் அதே புகாரோடு திரும்பும். அக்கா சில யூனிட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். திறந்து பார்த்தால் இணைப்புத் திருகுகளில் பச்சைக் களிம்பு, காந்தத்தைச் சுற்றித் துரு, சிலவற்றில் காயில் என்னும் கம்பிச் சுருள் கருகியிருந்தது. துரு உப்புக் காற்றால் வந்தது என்பது புரிந்தது. காயில் ஏன் கருக வேண்டும் என்பது அன்று புரியவில்லை. சத்தமே பத்தாத கருவியில் காயில் கருகுகிற அளவுக்குச் சக்தி எங்கே போயிருக்கும்?

கரையில் நின்று கேட்டது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். அதனால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நான்கு ஊர்கள். எஞ்சினியரும் கூட வந்தார். அவர் கையில் ஒலி அளவி, என் கையில் நோட்டு.

முதல் ஊரில் குழாயில் இருந்து 20, 40, 80 மீட்டர் என்று தள்ளித் தள்ளி நின்று அளந்தோம். தூரம் இரட்டிப்பாகும்போது திறந்த வெளியில் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும், அந்தக் கணக்குக்கு அநேகமாக ஒத்து வந்தது. 80 மீட்டரிலும் அறிவிப்பின் சத்தம் காற்று, அலைச் சத்தத்தைவிட 12 டெசிபலுக்கு மேல் இருந்தது. அளவியின்படி சத்தம் பத்தியது. எஞ்சினியருக்கு முகம் சுண்டிவிட்டது, ‘அப்புறம் எதற்குப் புகார்?’ என்று.

ஏலக்கூடத்துப் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், இப்போது குழாயில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதினேன்: “சத்தமெல்லாம் நல்லாத்தான் வருது. என்னா சொல்றான்னுதான் புரியல.”

மொத்த வேலையும் இந்த வாக்கியத்தில் திரும்பியது. ‘சத்தம் பத்தலை’ என்பது அந்த ஊரில் யாரும் சொன்ன புகார் அல்ல. புரியவில்லை என்று மக்கள் சொன்னது, பஞ்சாயத்தார் வாயில் ‘சரியாக் கேக்கல’ ஆகி, மைக்செட்காரர் வாயில் ‘சத்தம் பத்தலை’ ஆகி, எங்கள் அலுவலகத்தில் ‘250 வாட்’ ஆகியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மருந்தின் பெயரால் நோயைச் சொன்னார்கள்.

பிறகு நான்கு ஊர்களிலும் சொல் ஜோடிகளை வைத்துச் சோதித்தோம். மழை–மலை, வலி–வழி, கரை–கறை, பள்ளி–பல்லி என்று காதுக்கு நெருக்கமான சொற்களைப் போட்டு 20 சிறு வாக்கியங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் மைக்கில் வாசிப்பார், 80 மீட்டரில் நிற்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். ஊருக்கு ஐந்து பேர். சராசரியாக 20-க்கு 11 சரியாக வந்தது. “கரைக்குத் திரும்பவும்” என்பதை ஒருவர் “காலைக்குத் திரும்பவும்” என்று சொன்னார். கடல் எச்சரிக்கையில் அந்த ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று அவரே சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார்.

புரியாமல் போனதற்கு நான்கு காரணம் கண்டோம்.

பெரியது, குழாய்களைக் கட்டிய இடம். ஒன்று கோயில் கம்பத்தில், இன்னொன்று ஏலக்கூடத்துக் கூரையில், நடுவே சுமார் 120 மீட்டர். ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் போகிறது. ஒரு குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மற்றக் குழாயின் சத்தம் மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்து வரும். நாம் பேசும்போது நொடிக்கு ஐந்தாறு அசைகள் வருகின்றன. ஆக, கேட்கிறவர் காதில் இரண்டு அசை முந்திய பேச்சும் இப்போதைய பேச்சும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இந்த அமைப்பில் வாட்டைக் கூட்டினால் இரண்டு குழாயும் சேர்ந்து கூடும், குழப்பம் அப்படியே இருக்கும்.

அடுத்தது மைக் பிடிக்கும் விதம். அறிவிப்பவர் எல்லோரும் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகளில் அப்படிப் பிடித்தால் அடித்தொனி உப்பிவிடும். குழாய் ஸ்பீக்கருக்கோ 300 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 300 அதிர்வு) கீழே ஒலியை வெளியே தள்ளும் திறன் கிடையாது. உள்ளே போகும் சக்தி ஒலியாக வராமல் காயிலைச் சூடாக்குகிறது, டயஃப்ரம் என்னும் அதிரும் தகட்டை உதறுகிறது. அக்காவின் டப்பாவில் இருந்த கருகிய காயில்களுக்கு இதுதான் பதில். உயிரெழுத்தின் பலம் கீழ் அலைவெண்ணில் இருக்கிறது. சொல்லைச் சொல்லில் இருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் நுணுக்கம் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் ல, ள, ழ வேறுபாடும் அந்தப் பக்கம்தான். எங்கள் கருவி பலத்தை அனுப்பிவிட்டு நுணுக்கத்தை மூழ்கடித்தது.

மற்ற இரண்டும் எளிதில் விளங்குபவை. பேட்டரியில் ஓடும்போது, உரக்கப் பேசினால் மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, பேச்சு கரகரத்தது. இணைப்புகளில் உப்புக் களிம்பு.

எடுத்த முடிவுகள்

ஜூன் கடைசியில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன். அதன் முதல் வரியில் வாட் கிடையாது. இப்படி எழுதியிருந்தேன்: ‘80 மீட்டர் தள்ளி நிற்பவர், முதல் தடவை கேட்டதுமே, 20 வாக்கியத்தில் 17-ஐச் சரியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு வருடம் கடற்கரையில் கிடந்த பிறகும் சொல்ல வேண்டும்.’ இந்த வரியில் தேறாத எதையும் விற்கப் போவதில்லை, இந்த வரிக்கு உதவாத எதையும் இந்த மாடலில் சேர்க்கப் போவதில்லை என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் முடிவு 250 வாட் வேண்டாம் என்பது. 120-இல் இருந்து 250-க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபலுக்குச் சற்று மேல். காதுக்கு அது லேசான வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, பொது அவசரநிலைக்கு விலக்கு உண்டு. மைக்செட்காரரைச் சிக்கலில் விடும் பெட்டியைச் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விற்பனையாளர் கடுமையாக எதிர்த்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: “கடைல நிக்கிறவன்கிட்ட எதைக் காட்டி விக்கிறது சார்?” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அவரையும் ஜூலையில் ஒரு ஊருக்கு அழைத்துப் போனேன். பழைய செட்டையும் மேசைமேல் வைத்துக் கட்டிய சோதனை சர்க்யூட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். அவரே மழை–மலை சோதனையில் பங்கெடுத்து 20-க்கு 9 வாங்கினார், பிறகு 16. திரும்பி வரும்போது, இதையே கடை வாசலில் செய்து காட்டலாமே என்றார். கடைசியில் விற்பனைக்கு அதுதான் உதவியது.

இரண்டாவது, பேச்சுக்கு என்று தனிப் பாதை. மைக்கில் இருந்து வரும் ஒலியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2,000 முதல் 4,000 வரை கொஞ்சம் தூக்கி, கத்தினாலும் அலை வெட்டுப்படாமல் அடக்கும் லிமிட்டர் ஒன்று. கருவியின் முகப்பில் ‘பேச்சு / பாட்டு’ என்று தமிழில் எழுதிய ஒரு பெரிய சுவிட்ச்.

மூன்றாவது உப்பு. திருகும் இணைப்பும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, சர்க்யூட் பலகைமேல் பாதுகாப்புப் பூச்சு, கம்பி நுழையும் இடத்தில் ரப்பர். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளிக்கும் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினோம். அதோடு நிறுத்தாமல் நான்கு யூனிட்டுகளை ஒரு மீனவர் வீட்டு மொட்டை மாடியில் கடலைப் பார்க்கக் கட்டித் தொங்கவிட்டோம். அக்கா மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து எழுதி வைத்தார். பரிசோதனைக் கூடத்தில் தேறிய ஒரு ரப்பர், மாடியில் வெயில் பட்டு மூன்றாம் மாதமே வெடித்தது. அதை மாற்றினோம்.

புளூடூத் வேண்டும் என்று இரண்டு கடைக்காரர்கள் கேட்டார்கள். விட்டுவிட்டேன். அரசின் அலைவரிசை ஒப்புதல் வேலைகள் அட்டவணையில் ஏறும், முதல் வரிக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. இரண்டாவது குழாய்க்குப் போகும் ஒலியைச் சற்று நிறுத்தி அனுப்பும் டிஜிட்டல் தாமதம் சேர்ப்பதையும் செலவு கருதி விட்டேன். அதற்குப் பதில் குழாய்களை எங்கே, எப்படிக் கட்ட வேண்டும் என்று படத்தோடு தமிழில் ஒரு தாள். ஒரே கம்பத்தில் முதுகோடு முதுகாகக் கட்டினால் பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீர்கிறது.

கடைசி முடிவுதான் கடினமாக இருந்தது. எஞ்சினியர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுப் பகுதியை, டிரான்சிஸ்டரை சுவிட்ச் போல வேகமாகத் திறந்து மூடும் கிளாஸ்-டி முறைக்கு மாற்ற விரும்பினார். வெப்பமாக வீணாவது குறையும், பேட்டரி நிற்கும், எடை குறையும், எல்லாம் உண்மை. ஆனால் பண்ருட்டியில் ஒரு மைக்செட்காரர் எங்களிடம் சொல்லியிருந்தார்: திருவிழா நடுவே ஆம்ப்ளிஃபயர் படுத்தால், 2என்3055 டிரான்சிஸ்டரை அவரே கழற்றி மாட்டி அரை மணியில் ஓட வைப்பார். பொடிப் பொடியாகப் பாகங்கள் பதித்த பலகை என்றால் கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் அவர் பக்கம் நின்றேன். பழைய கிளாஸ்-ஏபி முறையே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். எஞ்சினியர் ஏற்றுக்கொண்டார், ஆனால் வருத்தம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் ஒன்று சொன்னார்: “பேட்டரி விஷயத்தை நீங்க அளக்கவே இல்ல சார்.” குறிப்பில் எழுதிக்கொண்டேன். அளக்கவில்லை.

முன்னோட்டம்

அக்டோபரில் 20 செட் செய்து கொடுத்தோம். இரண்டு வாரத்தில் இரண்டு தவறு தெரிந்தது.

முதலாவது என் சுவிட்ச். ஒரு கோயிலில் ‘பேச்சு’ பக்கம் இருந்ததை யாரும் மாற்றவில்லை. அம்மன் பாட்டு முழுக்கத் தகரத்தைத் தட்டினது போல ஒலித்தது, பூசாரி கோபப்பட்டார். இன்னொரு ஊரில் ‘பாட்டு’ பக்கமே கிடந்தது, அறிவிப்பு பழையபடி புரியவில்லை. மைக்கில் பேசப் போகும் பெரியவர் சுவிட்சைப் பார்த்துத் திருப்புவார் என்று நான் எதிர்பார்த்ததே தவறு. எஞ்சினியர் ஒரே இரவில் சரிசெய்தார்: சுவிட்சே வேண்டாம், மைக் செருகும் துளைகளுக்கு எப்போதும் பேச்சுப் பாதை, பாட்டுத் துளைக்கு எப்போதும் பாட்டுப் பாதை. நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டியது அது.

இரண்டாவது, ஊளை. மெதுவாகப் பேசுகிறவர் குரலையும் தூக்கிவிட வேண்டும் என்று லிமிட்டரோடு கூடுதல் பெருக்கமும் வைத்திருந்தோம். ஒரு பள்ளியின் காலை வழிபாட்டில் பிள்ளைகள் அமைதியாக நின்ற நேரத்தில் பெருக்கம் தானாக ஏறி, குழாயின் சத்தம் மைக்குக்குள் புகுந்து கூவத் தொடங்கியது. கூடுதல் பெருக்கத்தை எடுத்துவிட்டோம். கத்துவதை அடக்குவதோடு நிறுத்திக்கொண்டோம்.

டிசம்பரில் மறுபடி சொல் ஜோடிச் சோதனை, அதே நான்கு ஊர்களில். குழாய்களை ஒரே கம்பத்துக்கு மாற்றிய மூன்று ஊர்களில் சராசரி 20-க்கு 17. மாற்ற மறுத்த ஊரில் 14. பதினேழு வந்ததும் முதலாளியிடம் ‘விற்கலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியீடு

2024 மாசி மகத்துக்கு முன்பே கடைகளுக்குப் போய்விட்டது. பழைய மாடலைவிட ஒரு செட் 900 ரூபாய் அதிகம். முதல் இரண்டு மாதம் மந்தம், விற்பனையாளரின் கடை வாசல் சோதனைக்குப் பிறகு பிடித்துக்கொண்டது. அடுத்த எட்டு மாதத்தில் கடலோர ஊர்களில் இருந்து ‘சத்தம் பத்தலை’ என்று வந்த சீட்டு மூன்று. மூன்றுமே குழாய் கட்டிய இடத்தால் வந்தவை. கருகிய காயில் ஒன்றுகூட வரவில்லை.

2024 நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. எங்கள் செட் இருந்த ஊர்களில் மின்சாரம் போனது. பஞ்சாயத்தார் பேட்டரியில் மாற்றி மணிக்கொரு தரம் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்: பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி, தண்ணீர் ஏறும் தெருவைச் சொல்லி, சாப்பாடு வரும் இடத்தைச் சொல்லி.

ஒரு ஊரில் மறுநாள் காலை குழாய் நின்றுவிட்டது. இன்னொரு ஊரில் மதியம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, பெரும்பாலோர் முன்பே பாதுகாப்பான இடத்துக்குப் போயிருந்தார்கள். ஆனால் செய்தி தேவைப்பட்ட நேரத்தில் கருவி ஊமையாக நின்றது. அன்று மாலை எனக்கு வந்த போனில் அந்த இரண்டில் ஒரு ஊரின் பெரியவர் கோபப்படவில்லை. “பேட்டரி புதுசுதான் தம்பி, எப்படி இறங்குச்சுன்னு தெரியல” என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அந்த இரண்டு செட்டையும் வாங்கி வந்து அளந்தோம். அவர்கள் வைத்திருந்தது 40 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது 1 ஆம்பியர் வீதம் இழுத்தால் சுமார் 40 மணி நேரம் நிற்பது. ஒரு நாளைக்கு 24 அறிவிப்பு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்றால், பேசுவதற்குச் செலவானது 2 ஆம்பியர்-மணி அளவுதான். ஆனால் அறிவிப்புக்கு இடையே ஆம்ப்ளிஃபயரை யாரும் அணைக்கவில்லை. யார் அணைப்பார்கள், புயல் ராத்திரியில்? பேசாமல் சும்மா இருக்கும்போதே அது 1.1 ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 26 ஆம்பியர்-மணி. பேட்டரி தீர்ந்தது பேச்சால் அல்ல, மௌனத்தால்.

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். கிளாஸ்-ஏபியா, கிளாஸ்-டியா என்று நாங்கள் இருவரும் ஒரு மாதம் வாதாடினோம். அந்த வாதம் முழுக்க உரக்க ஒலிக்கும்போது எவ்வளவு வீணாகிறது என்பதைப் பற்றியது. இந்தக் கருவியோ ஒரு நாளில் 23 மணி நேரத்துக்கும் மேலாக ஒலிக்காமல் சும்மாதான் இருக்கிறது. ஒரு பேட்டரியையும் ஒரு மீட்டரையும் வைத்து ஒரு இரவு அளந்திருந்தால் வாதமே வேறாக இருந்திருக்கும். அளக்கச் சொன்னவர் எஞ்சினியர். அதற்கு நேரம் ஒதுக்காதவன் நான்.

தீர்வு சின்னதாக முடிந்தது. மைக்கின் பொத்தானை அழுத்தினால் மட்டும் முழுக் கருவியும் விழித்துக்கொள்ளும், விட்டால் பத்து நொடியில் உறங்கிவிடும். உறங்கும்போது இழுப்பது 30 மில்லி ஆம்பியர். 2என்3055 அங்கேயே இருக்கிறது, பண்ருட்டிக்காரர் அரை மணியில் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே விற்ற கடலோர செட்டுகளுக்கு இந்தச் சிறு பலகையை இலவசமாகப் பொருத்தித் தர வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். முதலாளி அன்றே சம்மதித்தார். அக்காவும் இரண்டு பையன்களும் 2025 பொங்கல் முடிந்த கையோடு ஊர் ஊராகப் போய்ப் பொருத்தினார்கள்.

மறுபடி செய்வதானால்

தடைக்காலத்தில் மட்டும் போய்க் கேட்டது குறை. ஆட்கள் இருந்தார்கள், பேசினார்கள், ஆனால் படகு எஞ்சின்கள் ஓடவில்லை, ஏலச் சத்தம் பாதிதான். விடிகாலை நாலு மணிக்கு, எஞ்சின்கள் உறுமும் கரையில் அதே சொல் ஜோடியை வாசித்திருக்க வேண்டும். பிறகு 2025 ஜூலையில் அப்படிச் செய்தபோது, 17 வாங்கிய ஊரில் 14 வந்தது. அதற்குக் குழாயின் உயரத்தையும் திசையையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அறிவிப்பவரை நான் போதிய அளவு கவனிக்கவில்லை. கேட்கிறவரைத் தேடிப் போன வேகத்தில், மைக் பிடிக்கிறவர் என்ன செய்வார் என்பதை ஊகமாக விட்டேன். சுவிட்சும் அதில்தான் தவறியது, அணைக்காத ஆம்ப்ளிஃபயரும் அதில்தான் தவறியது. இப்போது புதிய மாடல் எதற்கும் முன்மாதிரியோடு ஒரு முழு நாள், ஒரு முழு இரவு, அறிவிப்பவர் பக்கத்தில் எங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு அட்டவணையில் நாள் கேட்டால் முன்பு முதலாளி முகம் சுளிப்பார், இப்போது அவரே கேட்கிறார்.

‘வேண்டாம்’ என்று விட்டவற்றில் டிஜிட்டல் தாமதத்தை மறுபடி எடுத்திருக்கிறோம். ஒரே கம்பத்தில் கட்ட முடியாத நீளமான ஊர்கள் இருக்கின்றன. அங்கே தாள் கொடுத்தால் போதாது.

குறிப்பின் முதல் வரியும் மாறிவிட்டது. அதை மாற்றியது ஏலக்கூடத்து அம்மாதான். ஜூலைச் சோதனைக்குப் போனபோது பழைய வரியைப் படித்துக் காட்டி, இதில் எதையாவது விட்டுவிட்டோமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “கரண்டு போயி ரெண்டாவது நாளு, மழ கொட்டுதுன்னு எழுதிக்க” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்த மாடலின் முன்மாதிரி இப்போது அந்த வரியின் கீழ்ச் சோதனையில் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை வரை பேட்டரி நிற்கிறது, கொட்டும் மழைச் சத்தத்தில் 20-க்கு 15 வந்திருக்கிறது. பதினேழு வரும்வரை ‘விற்கலாம்’ என்று எழுதித் தரப் போவதில்லை.